பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஐந்து நிமிடம்

1

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கவில்லை, வாயால்தான் சொல்லத் தொடங்கினேன். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, ஐந்தைந்து நிமிடமாக. எழுதுவதற்கு அப்போது என்னிடம் பேனா இல்லை, தாள் இல்லை, போட்டிருந்த அங்கியில் பை கூட இல்லை.* இருந்ததெல்லாம் கேட்காத ஒரு காதும், கதவு பூட்டியிருந்ததால் எழுந்து போக முடியாத சில கேட்பவர்களும்தான். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல சபை வாய்க்காது.

நடந்தது இதுதான். ஒருநாள் காலையில் நான் எழுந்தேன், என் இடது காது எழவில்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். காது மருத்துவர், "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று திட்டினார். அந்தத் திட்டையும் வலது காதால்தான் வாங்கிக்கொண்டேன். மாத்திரை எழுதித் தந்து, கூடவே உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் இருபது தடவை உட்கார்ந்து வரச் சொன்னார்.

அறை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை. பக்கத்துக்கு மூன்று வட்ட ஜன்னல், உள்ளே ஆறு நாற்காலி, கூடவே உட்காரும் ஒரு நர்ஸ். கதவை மூடி, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். பதினான்கு மீட்டர் ஆழத்தில் தண்ணீருக்குள் இருந்தால் உடம்பை எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. அதனால் அங்கே எல்லோரும் "இறங்குறோம்", "ஏறுறோம்" என்றுதான் பேசுவார்கள். உருளை என்னவோ இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் அசைவதில்லை. அந்த அழுத்தத்தில் முகமூடி வழியே சுத்த ஆக்சிஜனை இழுத்தால் அது ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகக் கரைந்து, ரத்தம் சரியாகப் போகாத மூலைமுடுக்குக்கெல்லாம் போய்ச் சேரும். ஆறாத புண்ணுக்கும், கதிர்வீச்சில் பழுதான எலும்புக்கும், என்னுடையதைப் போல திடீரென்று வேலைநிறுத்தம் செய்த காதுக்கும் அது உதவக்கூடும் என்கிறார்கள்.

முப்பது நிமிடம் முகமூடி. பிறகு ஐந்து நிமிடம் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காற்று. மறுபடி முப்பது, மறுபடி ஐந்து, மறுபடி முப்பது. முகமூடி போட்டிருக்கும்போது பேச முடியாது. எனவே அந்த ஐந்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

என் முதல் நாள், முதல் இடைவேளையில், வலது பக்க நாற்காலியில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கதை எழுதுறேன்."

"அப்ப ஒண்ணு சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்தான், இழுக்காதீங்க."

கைவசம் கதை இல்லை. கேட்டவரைப் பற்றியே சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன். சோம்பேறித்தனம்தான், மறைப்பதற்கில்லை.

(* இதை அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் பேனா கூடாது என்று கேட்டேன். அழுத்தம் ஏறி இறங்கும்போது மை கசியுமாம். போன், கடிகாரம், தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம், எதுவும் கூடாது. அவ்வளவு ஆக்சிஜன் புழங்கும் இடத்தில் சின்னப் பொறியும் ஆபத்து. கற்பனைக்கு மட்டும் தடை இல்லை. பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களோ என்னவோ.)

2

முதல் தொடக்கம்:

இரும்பு உருளையின் வயிற்றுக்குள் ஆறு பேர் தங்கள் விதியை எதிர்நோக்கி

"விதியா? நாங்க எங்க விதிய எதிர்நோக்கினோம்? வெளிய போனதும் கிடைக்கப்போற டீயத்தான் எதிர்நோக்கிட்டு இருக்கோம்" என்றார் அந்த அம்மா. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

அந்தப் பெண்மணி தன் வலது காலை இழக்கப்போகிறாள் என்பது அவளுக்கு

"எடுத்த எடுப்புலயே என் காலை வாரிட்டீங்களே தம்பி! டாக்டர் பாதி பாதம்தான் கேட்டிருக்காரு. அதையே நான் இன்னும் குடுக்கல. நீங்க முழுக்காலையும் எடுத்துட்டீங்க."

நாற்பத்தொன்பது வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்:

ஆக்சிஜன் என்பது நிறமற்ற, மணமற்ற

நர்ஸ் வாய் நிறையக் கொட்டாவி விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். கொட்டாவி விட்டா காது அடைப்பு விடும். இறங்கும்போது இந்தக் கதையச் சொல்லுங்க, எல்லாருக்கும் நல்லது."

(இங்கே நான்காவதாக ஒரு தொடக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் மழை பெய்தது.)

கடைசியில் அந்த அம்மாவே பொறுமை இழந்தார். "நான் இங்க எப்படி வந்தேன்னு நானே சொல்றேன். நீங்க அதத் திருப்பிச் சொல்லுங்க. அத ஒழுங்காச் செய்ய முடியுதான்னு பாப்போம்."

செய்து பார்க்கிறேன். நீங்களும் சரிபாருங்கள்.

3

அந்த அறையில் அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. வயது ஐம்பத்தேழு. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வண்டிகளில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற ஆசிரியருக்குத் தனியாக ஒரு பிரேக். அக்காவின் வலது கால் இருபத்தாறு வருடமும் அந்த இரண்டாவது பிரேக்கின்மேல்தான் குடியிருந்தது. அது எத்தனை சுவர்களையும், எத்தனை சைக்கிள்காரர்களையும், ஒரே ஒரு நகராட்சிக் குப்பைத்தொட்டியையும் காப்பாற்றியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. வீட்டில் யாராவது மிக்ஸியை வேகமாக ஓட்டினாலும் அந்தக் கால் தானாகத் தரையை அழுத்தும்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தது அவருக்கே தெரியாது. ஒருநாள் ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் போய் உட்கார்ந்தது. காலையிலிருந்து மாலை வரை ஐந்து மாணவர்கள், இடைவிடாத பிரேக். மாலையில் ஷூவைக் கழற்றியபோது காலுறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தார். வியர்வை இல்லை.

மூன்று மாதம் கட்டுப் போட்டும் புண் ஆறவில்லை. அறுவை மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொன்னார். "நாப்பது தடவை அந்த அறையில உக்காந்துட்டு வாங்கம்மா. கூடவே டிரெஸ்ஸிங், சர்க்கரைக் கட்டுப்பாடு, காலை ஊனாம இருக்கறது. நாப்பது முடிஞ்சும் மூடலன்னா முன்பாதத்தை எடுத்துட வேண்டியதுதான்."

"முன்பாதம் இல்லாம பிரேக் மிதிக்க முடியுமா டாக்டர்?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா."

"அதான் இவ்வளவு லேசாச் சொல்றீங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அக்காவுக்குப் பயமாக இருந்தது. அவர் பயந்தது வலிக்கோ கத்திக்கோ அல்ல. பழகாத ஒருத்தர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்தில் பிரேக் மிதிக்க ஆளில்லாத அந்த இருக்கையை நினைத்துத்தான். அதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

முதல் நாள் அறைக்கதவு மூடியது. அழுத்தம் ஏற ஏற உள்ளே வெப்பம் கூடியது, காது அடைத்தது. பிடிமானமில்லாமல் எங்கோ வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அக்காவுக்குத் தோன்றியது. மூளை யோசித்து முடிப்பதற்குள் கால் வேலையைத் தொடங்கிவிட்டது. அவர் பிரேக் மிதித்தார். அந்தக் காலால்தான்.

(எத்தனை தடவை மிதித்தார் என்பதில் சாட்சிகள் ஒத்துப்போவதில்லை. அன்று அவர் அருகில் உட்கார்ந்திருந்த நோயாளி, ஒரு பிளம்பர், உருளையே அதிர்ந்தது என்கிறார். நர்ஸ், மூன்று தடவை என்கிறார். அக்கா, ஒரே தடவை, அதுவும் லேசாக என்கிறார். நான் நர்ஸ் பக்கம். அவர் வெளியே வந்ததும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.)

"ஊனாதீங்கம்மா! அந்தக் காலை ஊனவே கூடாது!" என்று நர்ஸ் அலறினார். வெளியே கட்டுப்பாட்டு மேசையில் இருந்த ஆப்பரேட்டர் காற்றை நிறுத்தினார். "யாரும்மா அது தரைய உதைக்கிறது?" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. அன்று கட்டைப் பிரித்தபோது புதிய ரத்தம் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. காப்பாற்ற வந்த காலை அக்காவே மிதித்துக் கெடுத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்தால் நிறுத்தலாம். தானாக வருவதை எப்படி நிறுத்துவது?

மூன்றாம் நாள் ஆப்பரேட்டர் கதவை மூடும் முன் உள்ளே தலையை நீட்டினார். "அக்கா, உங்க கால் சொன்னபேச்சு கேக்காது. அதனால வேலைய கைக்கு மாத்திடுவோம். இன்னைலேர்ந்து இந்த அறைக்கு நீங்கதான் பிரேக். ஆறு பேரோட காதும் உங்க பொறுப்பு. யாரு மூஞ்சி சுளிச்சாலும் கையத் தூக்குங்க. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருப்பேன், அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்."

அன்று அக்கா ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். இரண்டு தடவை கையைத் தூக்கினார். இரண்டு தடவையும் உருளை நின்றது. கால் அசையவே இல்லை.

4

இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஆறு இடைவேளைகள் ஆயின. "பரவாயில்ல, தேறிடுவீங்க" என்றார் அக்கா. நான் வந்து சேர்ந்தபோது அவருக்கு அது பதின்மூன்றாவது இறக்கம். வேலையில் நன்றாக ஊறியிருந்தார். என் முதல் நாளில், எனக்கு வலிக்கிறது என்று எனக்கே தெரியும் முன்பு அவர் கை மேலே போய்விட்டது.

"முழுங்கு! இன்னொரு தரம் முழுங்கு! தாடைய ஆட்டு. ஆங், அப்படித்தான். அவசரப்படாத, கிளட்ச விட்டுடாத!"

பாடம் நடத்தும்போது உலகத்தில் எல்லோரும் அவருக்கு 'நீ'தான். முடிந்ததும் மரியாதையாக 'நீங்க'வுக்குத் திரும்பிவிடுவார்.

இப்போது என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புகிறீர்களா? என் மனைவி நம்பவில்லை. வீட்டில் இதுவரை எழுதிவைத்ததைப் படித்துவிட்டு, "இந்தம்மா அழவே மாட்டாங்களா? பாதம் போகுமோன்னு இருக்கறவங்க இப்படியா ஜாலியா இருப்பாங்க? நீங்க எதையோ மறைக்கிறீங்க" என்றாள். சரி என்று ஒரு வரி சேர்த்தேன்.

அக்காவின் கண்கள் கலங்கின. அவர் முகத்தை

அதற்குமேல் போகவில்லை. நான் பார்க்காததை எழுதக் கூச்சமாக இருந்தது. (பொறுங்கள். அழுகை வருகிறது. ஆனால் நானும் மனைவியும் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை.)

அக்காவுக்கு உள்ளுக்குள் கவலை இருந்தது என்பதற்கு ஒரே அடையாளம் சனிக்கிழமை. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இறக்கம் முடிந்ததும், நர்ஸ் அவரைக் கட்டுப் போடும் அறைக்கு அழைத்துப்போய், புண்ணின்மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, பேனாவால் அதன் விளிம்பை அப்படியே வரைந்தெடுப்பார். தேதி போடுவார். அந்தத் தாள்களை அக்கா ஒரு கோப்பில் அடுக்கிவைத்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தீவின் வரைபடம்போல இருக்கும். முதல் கோடு உள்ளங்கைக் குழி அளவு. அடுத்தது அதற்குள். அடுத்தது அதற்கும் உள்ளே. "கடல் ஏறுது, தீவு சின்னதாகுது" என்பார் பிளம்பர். வெள்ளிக்கிழமை இடைவேளையில் மட்டும் அக்கா என்னிடம் கதை கேட்கமாட்டார்.

பிளம்பரைப் பற்றியும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். தாடை எலும்பில் கதிர்வீச்சால் வந்த பழுது அவருக்கு. என் இடது நாற்காலி. முதல் இரண்டு வாரம் அவர் பேசி நான் கேட்டதில்லை, சாதுவான மனிதர் என்றே நினைத்திருந்தேன். பதினோராம் நாள் இடைவேளையில், சுரங்கத்துக்குள் யாரோ பேசுவதுபோல இடது பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு: "இதத்தான் நேத்தும் சொன்னான். கதைய முன்னால தள்ளுய்யா."

நான் துள்ளிவிட்டேன். "என்ன சொன்னீங்க?"

அவர் வெலவெலத்துப்போனார். "உங்களுக்குத்தான் அந்தக் காது கேக்காதே!"

பதினோரு நாளாக என் கதையை வரிக்கு வரி விமர்சித்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர். எனக்குத் திரும்பி வந்த முதல் ஒலியே ஒரு விமர்சனம். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நர்ஸ் கைதட்டினார். அக்கா கையைத் தூக்கிவிட, என்னவோ ஏதோ என்று ஆப்பரேட்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அந்த ஐந்து நிமிடத்தில் கதை ஒரு வரிகூட நகரவில்லை.

(மற்ற மூன்று நாற்காலிகளுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கதையில் இடமில்லை. மன்னிக்கவும்.)

5

[இந்தப் பகுதியைப் படிக்கலாம், நம்பக்கூடாது.]

அன்று அக்காவின் இருபத்து நான்காவது இறக்கம். முகமூடியைக் கழற்றியவர் எதிர்ச்சுவரைப் பார்க்காமல், தன் முழங்கைப் பக்கத்தில் திருகியிருந்த தகட்டைப் பார்த்தார். உருளையைச் செய்தவர்கள் பதித்த தகடு. எறும்பு அளவு எழுத்து. கண்ணாடி இல்லாமல் அவர் அதைக் கடகடவென்று படித்தார். வருடம், எண், எடை, தாங்கும் அழுத்தம், எல்லாம்! பத்து வருடமாகக் கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டைக்கூடப் படிக்காதவர்! ஆக்சிஜன் அவர் கண்களைக் குணமாக்கிவிட்டது! பாதத்துக்காகச் சென்ற உயிர்க்காற்று வழியில் விழிகளையும் தொட்டு

5, திருத்தியது

மேலே உள்ளதை அன்று மாலையே எழுதினேன். நானே கண் கலங்கினேன். அடிக்காமல் விட்டுவைத்ததற்குக் காரணம், அக்காவும் அப்படியேதான் நம்பினார். கண் சரியானால் கால் சரியாகாதா? வீட்டுக்குப் போய், மூக்குக்கண்ணாடியைப் பெட்டியோடு எடுத்து ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டார். "இனிமே எனக்கு எதுக்கு? நீ வச்சுக்கோ." இருபது வருடமாகப் பேச்சிலேயே ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் ஓரகத்தி, வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "உன்னைவிட எனக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றாராம்.

அடுத்த நாள் அக்கா வரவில்லை. அறைக்கு வெளியே பத்து நிமிடம் காத்திருந்தோம். இருபது. ஆறு பேரும் உள்ளே வராமல் கதவை மூடமாட்டார்கள், மூடினால் நடுவில் திறக்க முடியாது. அக்கா இருபத்தாறு வருடமும் நேரம் தவறாத ஆள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"தப்பான பஸ்ல ஏறிட்டேன்."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார்.

"நம்பர் தெரியல. பஸ் பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியல. தூரத்துல இருக்கறது எல்லாம் கலங்கித் தெரியுது. ரோட்டுல நூறு அடிக்கு முன்னால வர்றவன் ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லுவேன் நான்!"

ஆப்பரேட்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "அக்கா, இது நிறையப் பேருக்கு நடக்கறதுதான். பல தடவை இறங்கினா கண்ணுல இருக்கற லென்ஸ் கொஞ்சம் மாறும். கிட்டப் பாக்கறது தெளிவாகும், தூரம் மங்கும். சிகிச்சை முடிஞ்சு சில வாரத்துல, சில மாசத்துல பழையபடி ஆயிடும். முதல் நாளே கையெழுத்துப் போட்டீங்களே, அந்தத் தாள்லயே எழுதியிருக்கு."

"எங்க எழுதியிருக்கு?"

அவர் கோப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அக்கா அதை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடி இல்லாமல், ஒரு எழுத்து பிசகாமல் படித்தார். "பதினொன்று. தொடர் சிகிச்சையின்போது பார்வையில் தற்காலிக மாற்றம் ஏற்படக்கூடும்." நிமிர்ந்தார். "இவ்வளவு பொடி எழுத்துல போட்டா அன்னைக்கு எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கோளாறு வந்தாத்தான் அந்தக் கோளாறப் பத்திப் படிக்கவே முடியும்போல!"

பிளம்பர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அக்காவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார்.

"அப்ப கால்?"

"கால்ல என்ன?"

"கண்ணு திரும்பிப் பழையபடி ஆயிடும்னா, கால்ல மூடினதும் திரும்பித் திறந்துக்குமா? இதுவும் தற்காலிகம்தானா? சொல்லுங்க, சுத்தி வளைக்காம சொல்லுங்க."

அப்போதுதான் அக்கா அழுதார். எல்லோர் முன்னிலையிலும், முகத்தை மூடிக்கொள்ளாமல். என் மனைவி கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை.

ஆப்பரேட்டர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "அது வேற, இது வேற அக்கா. கண்ணுல நடக்கறது பக்கவிளைவு, விட்டா போயிடும். கால்ல வளர்ந்திருக்கறது உங்க சதை, உங்க ரத்தக்குழாய். நாங்க குடுத்தது காத்து மட்டும்தான், கட்டினது நீங்க. கட்டினத யாரும் வந்து எடுத்துட்டுப் போகமாட்டாங்க. மறுபடி ஷூவுக்குள்ள கல்ல விட்டீங்கன்னாதான் ஆபத்து."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தினமும் ஷூவத் தட்டிட்டுத்தான் போடுவேன்" என்றார். பிறகு, "என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்க? நேரமாச்சு, ஏறுங்க வண்டில" என்றார்.

6

என் இருபதாவது இறக்கம் வந்தது. அக்காவுக்கு அது முப்பத்திரண்டு. புண் சட்டைப் பித்தான் அளவுக்கு வந்திருந்தது. அதற்குப்பிறகு இரண்டு வாரமாக அசையவில்லை. ஒரே இடத்தில் இரண்டு கோடுகள், ஒன்றின்மேல் ஒன்று. பித்தான் அளவுதானே என்று நீங்கள் நினைக்கலாம். திறந்த புண் திறந்த புண்தான் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார்.

என் காதில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. இனி எனக்கு அறையில் வேலை இல்லை. கதைக்கு முடிவு வேண்டும். கடைசி இடைவேளையில் இரண்டு முடிவுகளை எடுத்துவைத்தேன்.

முடிவு அ: முன்பாதம் போகிறது. ஆனாலும் அக்கா கலங்கவில்லை. கையால் இயக்கும் பிரேக் வைத்த வண்டி ஒன்றை

"வேணாம்" என்றார் பிளம்பர், இடது காதில், தெளிவாக.

முடிவு ஆ: நாற்பதாம் நாள் புண் மாயமாக மறைகிறது. அக்கா ஊன்றுகோலை வீசி எறிந்துவிட்டு, படிகளில் ஓடி இறங்கி

"ஊனக்கூடாதுன்னு நான் தலைதலையா அடிச்சுக்கறேன், நீங்க ஓடவிடுறீங்க" என்றார் நர்ஸ்.

அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, கற்றுக்குட்டி வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "தம்பி, இன்னும் எட்டு இறக்கம் இருக்கு. அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்? நிறுத்துங்க." கையைத் தூக்கினார்.

நான் நிறுத்தினேன். அறைக்கே பிரேக் அவர்தான். கதைக்கும் அவர்தான்.

7

நாற்பதாவது நாள், சனிக்கிழமை. அழைக்காமலே போனேன். பிளம்பரும் போயிருந்தார், அவருடைய இறக்கங்கள் முந்தின வாரமே முடிந்திருந்தன. ஆப்பரேட்டர் மேசைக்குப் பக்கத்தில் நின்று வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தோம். உள்ளே புதிதாக ஒருவர், முகமெல்லாம் பயம். அக்கா அவரைப் பார்த்துத் தாடையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வரவேற்பு பெஞ்சில் ஓர் அம்மா, மடியில் பையோடு, அக்காவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி. யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவைப்படவில்லை.

"தப்பு பஸ்ல ஏறிடப்போறான்னு நானே தினமும் கூட்டிட்டு வர்றேன்" என்றார் எங்களிடம். "கண்ணாடியத் திருப்பித் தரேன்னா வேணாங்கறா. இப்ப அது எனக்குப் பழகிப்போச்சு."

அறை ஏறியது. கதவு திறந்தது. நர்ஸ் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில், தேதியும் இறக்க எண்ணும் முன்பே எழுதிய பிளாஸ்டிக் தாளும் பேனாவுமாகக் கட்டுப் போடும் அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது.

(இந்த இடத்தில் காத்திருப்பை ஒரு பக்கத்துக்கு எழுதலாம். எழுதியும் பார்த்தேன். சுவர்க் கடிகாரம், பிளம்பரின் தொண்டைச் செருமல், ஓரகத்தி பையின் காதைத் திருகித் திருகி நைந்துபோகச் செய்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். உங்களைக் காக்கவைக்க எனக்கு மனமில்லை.)

கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தார். பேனாவின் மூடி கழற்றப்படவே இல்லை.

நான் அதைப் பார்த்தேன். பிளம்பரும் பார்த்தார். எங்களுக்குப் புரிந்ததை வாயால் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்து அக்கா வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மாணவன் தேர்வில் தேறிவிட்டாலும், அதிகாரி கையெழுத்துப் போடும்வரை முகத்தில் காட்டாமல் இருந்து பழகியவர். மடியில் இருந்த தாளை எடுத்து ஓரகத்தியிடம் நீட்டினார்.

ஓரகத்தி வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மூலையில் தேதி இருந்தது. கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார்.  "என்னடி இது? எனக்கு ஒண்ணுமே தெரியலையே! கோடு எங்க? இந்தக் கண்ணாடில கோளாறா?"

"கழட்டிட்டுப் பாரு" என்றார் அக்கா. "அப்பவும் ஒண்ணும் தெரியாது."

ஓரகத்தி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கணம் ஆனது. பிறகு அந்த வரவேற்பறை அதற்கு முன் கேட்டிராத ஒரு கூச்சல். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பேச்சிலேயே கிள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும். பிளம்பர் என் இடது தோளில் ஓங்கி அடித்தார். ஆப்பரேட்டர் மேசையைவிட்டு எழக்கூடாது என்பதால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒலிபெருக்கியில், "யாரும்மா அது?" என்றார்.

நர்ஸ் மட்டும் தன் கடமையைச் செய்தார். "புதுத் தோலு, மெல்லிசா இருக்கும். டாக்டர் பாத்துச் சொல்ற வரைக்கும் பிரேக் பக்கமே போகக்கூடாது. தினமும் பாதத்தைப் பாக்கணும். கேக்குதா?"

"கேக்குது" என்றோம் எல்லோரும். நான் இரண்டு காதாலும்.

8

வீட்டுக்குப் புறப்படும் முன் அக்கா அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். "முடிவு கேட்டீங்களே தம்பி. இந்தாங்க."

இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. மூலையில் தேதி, அதற்கு மேலே நாற்பது என்ற எண். மற்றபடி வெறும் தாள். இருபது வருடமாக வெற்றுத் தாளைக் கண்டால் எனக்குப் பயம். ஏதாவது எழுதி அதை நிரப்பினால்தான் தூக்கம் வரும். இதை மட்டும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. இவ்வளவு நல்ல பக்கத்தை நான் எழுதியதே இல்லை.

இந்த மாதிரிக் கதைகளின் கடைசியில் எழுதுகிறவன் வாசகரிடம் ஒரு வெற்றுப் பக்கத்தை நீட்டி, மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று நழுவிவிடுவது வழக்கம். நானும் நீட்டுகிறேன். பிடித்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், கண்ணாடி போட்டும் பாருங்கள், கழற்றியும் பாருங்கள். தயவுசெய்து இதில் மட்டும் எதுவும் எழுதிவிடாதீர்கள்.